ஹூயி லாங்: லூசியானாவைத் தூக்கி நிறுத்தியவரா, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டவரா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

1930களின் அமெரிக்கா என்றால் நம் தளத்தில் பேச்சு ரூஸ்வெல்ட்டோடு நின்றுவிடுகிறது. அந்த ரூஸ்வெல்ட்டே நாட்டில் மிக ஆபத்தான இரண்டு பேர் என்று தன் ஆலோசகரிடம் சொன்னதில் ஒருவர் ஜெனரல் மெக்ஆர்தர். இன்னொருவர் லூசியானா கவர்னராக இருந்த ஹூயி லாங். அவரைப் பற்றி ஒரு இழை இருக்கட்டும்.

நம்மூர் ஆளுநரை மனதில் வைத்துப் படிக்காதீர்கள். அங்கே கவர்னர் மக்கள் ஓட்டு வாங்கி வருகிறவர். நம் முதல்வர் பார்க்கிற வேலையைப் பார்க்கிறவர்.

பிறந்தது 1893, வடக்கு லூசியானாவில் வின்ஃபீல்ட் என்ற சின்ன ஊர். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. மேடையில் தன்னைப் பரம ஏழை வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்லிக்கொள்வார், ஆனால் அப்பாவுக்கு நிலபுலன் இருந்தது. பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. காட்டலீன் என்ற சமையல் கொழுப்பை வீடு வீடாகப் போய் விற்றார். அதற்கு விளம்பரமாக ஊர் ஊராகக் கேக் போட்டி நடத்துவார். அப்படி ஒரு போட்டியில் சந்தித்த ரோஸ் மெக்கானல்தான் 1913-ல் மனைவியானார். டுலேன் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் சட்டம் படித்துவிட்டு, தனக்கென்று சிறப்புத் தேர்வு வைக்கச் சொல்லிக் கேட்டு எழுதி, 1915-ல் வக்கீல் ஆகிவிட்டார். வயது 21.

25 வயதில் மாநில ரயில்வே கமிஷனுக்குத் தேர்தலில் ஜெயித்தார். தொலைபேசிக் கம்பெனி கட்டணத்தை ஏற்றியபோது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் தானே வாதாடி, சந்தாதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தார். 1924-ல் கவர்னர் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். ஓட்டுப் போடும் நாளில் கொட்டிய மழையில் கிராமத்துச் சாலையெல்லாம் சேறாகித் தன் ஆட்கள் வர முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். 1928-ல் முதல் சுற்றிலேயே ஏறக்குறைய 44 சதவீதம் வாங்கினார். அடுத்து நின்றவர் இரண்டாம் சுற்றே வேண்டாம் என்று விலகிக்கொண்டார்.

அந்தப் பிரசாரத்தில் செயின்ட் மார்ட்டின்வில் ஓக் மரத்தடியில் பேசியது பெயர்போனது. காதலனுக்காக எவாஞ்சலின் என்ற பெண் காத்துக் கிடந்ததாகக் கதை சொல்லும் மரம் அது. அவள் அழுதது ஒரு ஆயுளோடு முடிந்தது, நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தலைமுறை தலைமுறையாக அழுகிறீர்களே என்று கேட்டார். ஆள் பேசத் தெரிந்தவர், சந்தேகமே இல்லை.

இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சும்மா_எட்டிப்பார்த்தேன்

பேச்சு கிடக்கட்டும். நாற்காலில உக்காந்து என்ன செஞ்சாரு? "சாலை போட்டார், பாலம் கட்டினார்"னு மொத்தமா சொல்லாம விவரமா போடுங்க.

காவிரிக்கரை

நியாயமான கேள்வி. சாலையிலிருந்தே வருகிறேன்.

அவர் பதவிக்கு வந்தபோது மாநிலம் முழுக்கத் தளம் போட்ட சாலை சுமார் 300 மைல்தான். ஏழெட்டு வருடத்தில் கான்கிரீட் சாலை மட்டும் 2,000 மைலைத் தாண்டியது, பாலங்கள் நூற்றுக்கு மேல். செய்த விதம்தான் பலே. ஒரே பெருவழியை முழுதாகப் போட்டு முடிக்காமல், பாரிஷுக்கு (அங்கே மாவட்டத்துக்கு அப்படித்தான் பெயர்) ஐந்து மைல், பத்து மைல் என்று துண்டு துண்டாகப் போட்டார். பள்ளத்திலும் புழுதியிலும் குலுங்கிக்கொண்டே வருகிறவன் திடீரென்று வழுவழு கான்கிரீட்டில் ஏறுவான். பத்து மைல் தாண்டியதும் மறுபடி குலுக்கல். மிச்சத்தையும் போடு என்று ஜனமே கேட்கும், அடுத்த கடன் பத்திரத்துக்கும் ஓட்டு விழும்.

அடுத்தது பாடநூல். அதுவரை பெற்றோர்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கினார். எண்ணெய், எரிவாயு, மரம் என்று நிலத்திலிருந்து எடுப்பதற்கான வரியை உயர்த்தி அதிலிருந்து செலவு. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அரசுப் பணத்தில் புத்தகமா என்று வழக்குப் போட்டார்கள். கொடுப்பது பள்ளிக்கு இல்லை, பிள்ளைக்கு என்பது அவர் தரப்பு. 1930-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரவுப் பள்ளிகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள், கறுப்பினத்தவரும் பெரும் எண்ணிக்கையில். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 1931-ல் மருத்துவக் கல்லூரி. இதெல்லாம் பொருளாதாரப் பெருமந்தம் கழுத்தை நெரித்த காலத்தில்.

வழக்காடி

//எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கினார்//

வாங்காதவர்களை என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். ஷ்ரீவ்போர்ட் இருக்கும் கேடோ பாரிஷ்காரர்கள் எங்களுக்கு இனாம் புத்தகம் வேண்டாம் என்று சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களுக்கு ராணுவ விமானத்தளம் வரவிருந்தது. அதற்கான நிலத்துக்கு மாநில அரசின் கையெழுத்து வேண்டும். புத்தகத்தை வாங்கிக்கொண்டால்தான் கையெழுத்து என்றார் லாங். வாங்கிக்கொண்டார்கள். நல்ல காரியம்தானே என்று கை தட்டலாம். அதே கயிற்றை வேறு காரியங்களுக்கும் இழுத்தார் என்பதுதான் என் பேச்சு.

ஸ்டாண்டர்ட் ஆயில் என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனி மீது அவருக்கு இருந்த கோபத்தையும் வெறும் ஏழைப் பாசமாகப் பார்க்க முடியாது. இளவயதில் அவர் சின்ன எண்ணெய்க் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தார். ஸ்டாண்டர்ட் தன் குழாயில் அவர்கள் எண்ணெயை ஏற்ற மறுத்ததும் அவை படுத்துவிட்டன. அந்தக் கடுப்பு கடைசி வரை போகவில்லை.

1929-ல் சுத்திகரிக்கும் எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 5 சென்ட் வரி கேட்டார். அதில்தான் பதவிநீக்க நடவடிக்கையே வெடித்தது.

மீனாட்சி_க

வழக்காடி சார், அந்த 1929 மார்ச் 25-ஐ விட்டுவிட்டீர்களே! சபை வரலாற்றில் ரத்தத் திங்கள் என்றே பெயர்.

அப்போது சபையில் மின்சார வாக்குப் பலகை. ஆதரவுக்குப் பச்சை விளக்கு, எதிர்ப்புக்குச் சிவப்பு. கவர்னர் மீது புகார் கிளம்பியதும் சபையை ஒத்திவைக்க சபாநாயகர் ஃபோர்னெட் ஓட்டுக்கு விட்டார். எதிரணி ஆட்கள் எதிர்த்து அழுத்துகிறார்கள், பலகையில் பச்சை எரிகிறது. முந்தைய வாக்கெடுப்பை அழிக்காமல் விட்டதால் வந்த கோளாறு என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரத்தில் யார் நம்புவார்? மேசை மேல் ஏறி ஓடினார்கள், மைக்குக்குச் சண்டை, மண்டை உடைந்து ரத்தம். கடைசியில் சபை எட்டுக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றி செனட்டுக்கு அனுப்பியது.

கவர்னர் மாளிகையைச் சிறைக் கைதிகளை வைத்து இடித்துத் தள்ளியதும் புகார்களில் ஒன்று. கரையான் அரித்த வீடு என்று சொல்லி இடித்துவிட்டு, வெள்ளை மாளிகையின் சாயலில் புதிதாகக் கட்டிக்கொண்டார்.

வழக்காடி

நன்றி மேடம். தப்பித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பிறகு வந்தது வேறு ஆள்.

மாநில செனட்டில் 39 பேர். தண்டிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 26 வேண்டும். 14 பேர் மறுத்தால் ஆட்டம் முடிந்தது. லாங் 15 பேரைப் பிடித்து, சாட்சியம் எதுவானாலும் நாங்கள் தண்டிக்க மாட்டோம், இந்தக் குற்றச்சாட்டுகளே செல்லாதவை என்று ஒரே தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார். யார் முதலில் போட்டது என்று தெரியாதபடி வட்டமாகக் கையெழுத்து. விசாரணை முறையாக நடக்கும் முன்பே கலைந்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பிறகு பதவியும் ஒப்பந்தமும் வந்து சேர்ந்தன.

முன்பெல்லாம் "தயவுசெய்து" என்று கேட்டுப் பார்ப்பேன், இப்போது வழியில் நிற்பவர்களை வெடிவைத்துத் தகர்க்கிறேன் என்று அவரே சொன்னார். எதிராக ஓட்டுப் போட்டவர்களின் சொந்தக்காரர்கள் வரை வேலை போனது. 1929-க்கு முன்பு இருந்தவர் முரட்டுச் சீர்திருத்தவாதி, பின்பு இருந்தவர் எஜமான். என் கணக்கு இது.

பேட்டன்ரூஜ்_பாலா

வேலை நிமித்தம் லூசியானா தலைநகர் பேட்டன் ரூஜில்தான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிப்போவது அவர் கட்டிய தலைமைச் செயலகத்துக்குத்தான். 34 மாடி, 450 அடி. அமெரிக்க மாநிலத் தலைமைச் செயலகங்களில் இதுதான் உயரம். 1932-ல் திறந்தார்கள், செலவு சுமார் 50 லட்சம் டாலர். முன்னால் 48 படி, படிக்கு ஒரு மாநிலத்தின் பெயர், சேர்ந்த வரிசைப்படி. பின்னால் சேர்ந்த அலாஸ்காவையும் ஹவாயையும் உச்சிப் படியில் ஒன்றாகப் பொறித்துவிட்டார்கள்.

27-வது மாடியில் சுற்றிப் பார்க்க ஒரு தளம். வடக்கே திரும்பினால் ஆற்றங்கரையில் குழாயும் கோபுரமும் புகையுமாகக் கண்ணுக்கு எட்டியவரை சுத்திகரிப்பு ஆலை. பழைய ஸ்டாண்டர்ட் ஆயில், இன்றைய எக்ஸான்மொபில். யாரை எதிர்த்தாரோ அவர்களைத் தினமும் மேலிருந்து பார்க்கிற மாதிரிதான் ஆள் கட்டியிருக்கிறார் என்று இங்கே கிண்டலாகச் சொல்வேன். இந்திய வம்சாவளிக்காரரான பாபி ஜிண்டால் கவர்னராக இருந்த எட்டு வருடமும் (2008–2016) இதே கட்டடம்தான்.

வழக்காடி சார், ஒன்று கேட்கிறேன். 1929-ல் அவரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தால் பாடநூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு எங்கிருந்து வந்திருக்கும்? எதிர்த்தவர்கள் எல்லாரும் ஜனநாயகக் காவலர்கள் இல்லையே.

வழக்காடி

இல்லைதான். நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டியும் தோட்டக்காரர்களும் எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து பல பத்தாண்டுகள் மாநிலத்தை மேய்ந்தார்கள், ஒரு மண்ணும் செய்யவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் லாங் முளைத்தார் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஓலைச்சுவடி

நடுவில் ஒரு துணுக்கு. 1930 மார்டி கிரா திருவிழாச் சமயத்தில் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று நியூ ஆர்லியன்ஸ் வந்தது. கப்பல் தலைவரும் ஜெர்மன் தூதரும் முழு மரியாதை உடுப்பில் கவர்னரைப் பார்க்க ஹோட்டல் அறைக்குப் போனால், அவர் பச்சைப் பட்டுப் பைஜாமாவில் வந்து வரவேற்றார்! தூதர் கொதித்துப் போனார். மறுநாள் லாங் கோட்டை ஒருவரிடம், மற்றதை இன்னொருவரிடம் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு கப்பலுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். நாடு முழுக்கப் பத்திரிகையில் வந்தது, அவருக்கு அதுதான் வேண்டியது.

கப்பலின் பெயர் எம்டன். 1914-ல் சென்னை எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டனின் பெயரைச் சூட்டிப் பின்னால் கட்டியது.

சும்மா_எட்டிப்பார்த்தேன்

எம்டனையே பைஜாமால வரவேற்ற எம்டன் :) அப்புறம் டில்லிக்கு, மன்னிக்கணும், வாஷிங்டனுக்கு எப்ப போனாரு?

காவிரிக்கரை

1930-லேயே அமெரிக்க செனட்டுக்கு ஜெயித்துவிட்டார். ஆனால் 1932 ஜனவரி வரை போய் உட்காரவில்லை. போனால் துணை கவர்னர் பால் சிர் கவர்னராகிவிடுவார், இருவருக்கும் ஆகாது. பொறுத்துப் பார்த்த சிர் 1931 அக்டோபரில் ஷ்ரீவ்போர்ட்டில் தானே பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். லாங் தேசியக் காவல்படையைத் தலைநகரில் நிறுத்தினார். கவர்னராகப் பிரமாணம் எடுத்ததால் துணை கவர்னர் பதவி காலி, கவர்னர் பதவியோ என்னிடம் இருக்கிறது, ஆகவே சிர் இப்போது எதுவுமே இல்லை என்றார். நீதிமன்றமும் சிர் பக்கம் வரவில்லை. மனிதருக்கு இரண்டும் போயிற்று.

பிறகு தன் சொந்த ஊர் நண்பர் ஓ.கே. ஆலனைக் கவர்னராக்கிவிட்டு வாஷிங்டன் போனார். ஜன்னல் வழியாகப் பறந்து வந்த இலை மேசையில் விழுந்தால் ஆலன் அதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று லாங்கின் தம்பி ஏர்லே கேலி செய்வாராம்.

செனட்டராக இருந்தபோது நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. 1933 பிப்ரவரி தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸின் ஹைபர்னியா வங்கி திவாலாகப் போகிறது என்று வதந்தி. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் கூட்டம் மொத்தப் பணத்தையும் உருவிவிடும். வார இறுதிக்குள் வெளியிலிருந்து பணம் வந்துவிடும், அந்த ஒரு நாளைத் தள்ள வேண்டும். அரசு விடுமுறை விட ஒரு காரணம் வேண்டுமே? பிப்ரவரி 4-ல் வரலாற்றில் என்ன நடந்தது என்று ராத்திரியோடு ராத்திரியாகத் தேடினார்கள். ஒன்றும் சிக்கவில்லை. 1917 பிப்ரவரி 3-ல் அமெரிக்கா ஜெர்மனியோடு தூதரக உறவை முறித்தது மட்டும் கிடைத்தது. அவ்வளவு பெரிய விஷயம் ஒரே நாளில் முடிந்திருக்காது, 4-ம் தேதியும் சேர்த்திதான் என்று விடுமுறை அறிவித்தார்கள். வங்கி தப்பியது.

1934-ல் "செல்வத்தைப் பங்கிடுவோம்" இயக்கம். பெரும் சொத்துகளுக்கு உச்சவரம்பு, குடும்பத்துக்கு வீடு வாசல் என்று நிலைகொள்ள 5,000 டாலர், முதியோருக்கு ஓய்வூதியம், தகுதியுள்ள பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு. 75 லட்சம் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொண்டார். அந்தக் கணக்கு தேறாது என்று பொருளாதாரக்காரர்கள் சொன்னார்கள், தேறாதுதான். ஆனால் 1935-ல் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் பணக்காரர் மீதான வரியையும் முடுக்கியதில் லாங் பயத்துக்குப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

வழக்காடி

கதை சுவாரசியம்தான், மறுக்கவில்லை. பில்லையும் பார்த்துவிடுவோம்.

அரசு ஊழியர் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குப் பிடிப்பார்கள். அந்தப் பணம் ரொக்கமாக ஒரு பெட்டியில். அவர் செத்த பிறகு பெட்டி கிடைக்கவேயில்லை. 1934-ல் லாங்கும் கூட்டாளிகளும் "வின் ஆர் லூஸ்" என்று ஒரு எண்ணெய்க் கம்பெனி ஆரம்பித்தார்கள். மாநில அரசின் நிலத்தில் எண்ணெய் எடுக்கும் குத்தகை அதன் கைக்கு வந்தது. ஸ்டாண்டர்ட் ஆயிலை எதிர்த்துப் புறப்பட்டவர் கடைசியில் எண்ணெய்ப் பங்குதாரர்.

1930 செனட் தேர்தலில் செயின்ட் பெர்னார்ட் பாரிஷில் எதிராளி ரான்ஸ்டெலுக்கு விழுந்தது 9 ஓட்டு. லாங்குக்கு விழுந்ததோ அந்த பாரிஷின் மொத்த வாக்காளர் எண்ணிக்கையைவிட அதிகம். அந்தத் தேர்தலுக்கு முன்பு, ஊழலை வெளியிடுவேன் என்று மிரட்டிய இருவரைத் தூக்கிக்கொண்டு போய் கிராண்ட் ஐல் தீவில் வைத்திருந்து, ஓட்டு முடிந்ததும் விட்டார்கள். 1934-ல் நியூ ஆர்லியன்ஸ் மேயரோடு சண்டை வந்தபோது நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரே இயந்திரத் துப்பாக்கியோடு காவல்படை.

20,000 பிரதிகளுக்கு மேல் விற்கும் பத்திரிகைகளின் விளம்பர வருமானத்துக்கு மட்டும் 2 சதவீத வரியும் போட்டார். அந்த வட்டத்துக்குள் வந்தவை ஏறக்குறைய எல்லாமே அவரைத் திட்டும் பத்திரிகைகள். 1936-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மனதாக அடித்துத் தள்ளியது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இன்றைக்கும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு.

மீனாட்சி_க

ஏழைகளின் தலைவர் என்கிறோம், எந்த ஏழை என்று கேட்க வேண்டும். ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரியை 1934-ல் ஒழித்தார். வெள்ளைக்கார ஏழைகள் திரளாகப் பட்டியலுக்குள் வந்தார்கள். கறுப்பினத்தவர் வரவில்லை, ஏனென்றால் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வெள்ளையர் மட்டும் ஓட்டுப் போடும் தேர்தலை அவர் தொடவேயில்லை. கும்பல் கொலைக்கு எதிரான மசோதா 1935-ல் செனட்டுக்கு வந்தபோதும் எதிர்த்தார்.

அந்தக் காலத் தெற்கத்திய அரசியல்வாதிகள் பலரைப் போல நிறவெறியைக் கிளப்பி ஓட்டுக் கேட்டதில்லை என்பார்கள். அது உண்மை. பள்ளியும் ஆஸ்பத்திரியும் கறுப்பினத்தவருக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்தது, அதுவும் உண்மை. ஆனால் பங்கு கொடுத்தாரே ஒழிய உரிமை கொடுக்கவில்லை.

பேட்டன்ரூஜ்_பாலா

மீனாட்சி மேடம் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொலையைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 1935 செப்டம்பர் 8, ஞாயிறு இரவு. சபையில் சிறப்புக் கூட்டம். லாங் செனட்டர்தான், சபையில் உறுப்பினரே இல்லை, ஆனாலும் உள்ளே நடமாடி எல்லாரையும் ஆட்டுவித்துக்கொண்டிருந்தார். பெஞ்சமின் பேவி என்ற எதிரணி நீதிபதியின் தொகுதியை மாற்றி வரைந்து அவரை ஒழிக்கும் மசோதாவும் அன்று இருந்தது. பேவியின் மருமகன் டாக்டர் கார்ல் வைஸ், 28 வயது, காது மூக்கு தொண்டை நிபுணர். ஒன்பதரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் கவர்னர் அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் வைஸ் நெருங்கினார். ஒரு வெடி. அடுத்த நொடி மெய்க்காவலர்கள் வைஸ் உடம்பைச் சல்லடையாக்கிவிட்டார்கள்.

அந்த நடைக்கூடம் சின்னது. நாலு பேர் நின்றாலே நெரிசல். சலவைக்கல்லில் உள்ள பள்ளங்களை, குண்டு பட்ட தழும்பு என்று காட்டுவார்கள். அங்கே நின்று பார்த்தால் இன்னொரு கேள்வி தானாக வரும்: அத்தனை துப்பாக்கி வெடித்த இடத்தில் லாங்கைத் துளைத்தது யாருடைய குண்டு? வைஸ் கையால் ஓங்கி அடித்தார், மெய்க்காவலர் குண்டுதான் தெறித்து லாங் மேல் பாய்ந்தது என்று வைஸ் குடும்பம் சொல்லிவந்தது. லாங்குக்கு அப்போது முழுப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. 1991-ல் வைஸ் உடலைத் தோண்டி ஆராய்ந்தார்கள். மாநிலப் போலீஸும் திரும்ப விசாரித்து, சுட்டது வைஸ்தான் என்று முடித்தது. ஊரில் பாதிப்பேர் இன்னும் நம்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்தது இன்னும் மோசம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பிய பெரிய அறுவை நிபுணர்களின் கார் வழியில் சாலையை விட்டு இறங்கிவிட்டது. காத்திருக்க முடியாமல் கத்தியை எடுத்தவர் டாக்டர் ஆர்தர் விட்ரின். லாங்கே தூக்கிவிட்டு சாரிட்டி ஆஸ்பத்திரித் தலைவராக்கிய ஆள். குடலில் ஓட்டையைத் தைத்தார், சிறுநீரகத்தில் ரத்தம் கசிவதைக் கவனிக்கவில்லை. 10-ம் தேதி விடியற்காலை உயிர் போனது. வயது 42. விசுவாசத்தைப் பார்த்துப் பதவி கொடுத்ததன் விலை கடைசியில் அவர் தலையிலேயே விடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஓலைச்சுவடி

பாலா அண்ணா, விட்ரின் விஷயத்தில் கொஞ்சம் நிதானம். அவர் ஒன்றும் கம்பவுண்டர் இல்லை, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்ட் போய்ப் படித்தவர். சிறுநீரகக் காயத்தை விட்டது பிழைதான். ஆனால் 1935-ல் நல்ல ரத்தம் ஏற்றும் வசதியோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோ இல்லாமல், வயிற்றைத் துளைத்த குண்டோடு வந்தவர் பிழைப்பதே அபூர்வம். அறை முழுக்க அரசியல்வாதிகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பார்கள், அந்த நிலைமையில் யாருக்குத்தான் கை ஓடும்?

சும்மா_எட்டிப்பார்த்தேன்

அவர் போனப்புறம் கோஷ்டி கலைஞ்சுதா?

வழக்காடி

எங்கே கலைந்தது! அடக்கத்துக்கு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். செயலகத்துக்கு எதிரிலேயே புதைத்துச் சிலை வைத்தார்கள். மனைவி ரோஸ் மிச்ச செனட் காலத்தை முடித்தார். தம்பி ஏர்ல் மூன்று முறை கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்தார். மகன் ரஸல் 1948-லிருந்து 1987 வரை செனட்டர். 1936-ல் இவர்கள் கோஷ்டியில் வந்த கவர்னர் ரிச்சர்ட் லெஷ், 1939-ல் ஊழல் வெடித்துப் பதவி விலகி ஜெயிலுக்குப் போனார். பல்கலைக்கழகத் தலைவரும் உள்ளே போனார். எஜமான் இருந்தவரை திருட்டுக்கும் ஒரு கணக்கு இருந்தது, அவர் போனதும் கேட்க ஆளில்லை.

காவிரிக்கரை

பாலா, அடுத்த வருடம் அந்தப் பக்கம் வரும் எண்ணம் உண்டு. செயலகம் தவிர வேறு என்ன பார்க்கலாம்?

பேட்டன்ரூஜ்_பாலா

நியூ ஆர்லியன்ஸ் பக்கம் அவர் பெயரிலேயே மிசிசிப்பி மேல் ஒரு பாலம் இருக்கிறது, வாங்க, கூட்டிப்போகிறேன். அவர் செத்து மூன்று மாதம் கழித்து 1935 டிசம்பரில் திறந்தது. நடுவில் ரயில், இரண்டு பக்கமும் கார். முன்பு தடம் ஒவ்வொன்றும் 9 அடிதான், ஓரம் கிடையாது, பக்கத்தில் லாரி வந்தால் உள்ளூர்க்காரர்களே சாமியைக் கும்பிடுவார்கள். 2013-ல் அகலப்படுத்திவிட்டார்கள், இப்போது பயமில்லை. கோடையில் மட்டும் வராதீர்கள், வெக்கையும் கொசுவும் தாங்காது.